மூன்றாவது அளவு

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மச்சான் என்னை மீன்கடை வாசலில் இறக்கிவிட்டார். கருவிப் பெட்டி, கேஸ் சிலிண்டர், வாக்குவம் பம்ப் எல்லாவற்றையும் இறக்கி வைத்தோம். அவர் வேனை அணைக்கவே இல்லை.

"ஐஸ் மிஷின். கம்ப்ரசர் ஓடலையாம். நீயே பாரு மாப்பிள்ளை. நான் உள்ள வரமாட்டேன்."

"சரி."

"இதை மட்டும் தனியா முடிச்சிடு. நாளைக்குக் காலையில பாப்பாவை நானே கொண்டுவந்து விடுறேன். அம்மாகிட்ட பேசிட்டேன்."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"அவன் முதல்ல ஒரு வேலையை உருப்படியா செய்யட்டும், அப்புறம் அனுப்புறேன்னாங்க. செஞ்சு காட்டு."

மச்சான் என் மனைவியின் அண்ணன். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்துதான் குளிர்சாதன வேலை பார்க்கிறோம். அவர் பத்தாவதோடு நின்று வேலையில் கற்றவர். நான் இயந்திரவியல் படித்தவன். வாடிக்கையாளர் முன்னால் என்னை "இன்ஜினியர் சார்" என்று கூப்பிடுவார். பாதி பெருமை, பாதி கிண்டல். ஐந்து மாதமாக அப்படிக் கூப்பிடவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை என் மனைவி தலை வலிக்கிறது என்றாள். வியாழக்கிழமை இறந்துவிட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு ஆறு வாரம் எங்கள் மகள் பாப்பா என்னோடு இருந்தாள். இன்னும் மூன்று வயது ஆகவில்லை. ஒருநாள் மதியம் அத்தை சாப்பாடு கொண்டுவந்தார். பாப்பா என் மடியில் படுத்திருந்தாள். காலையிலிருந்தே அப்படித்தான் படுத்திருந்தாள், தொந்தரவு செய்யவில்லை. அத்தை குனிந்து அவள் நெற்றியில் கை வைத்தார். உடனே கத்தினார்.

"பிள்ளை கொதிக்குது! நீ என்ன பண்ணிட்டு இருக்க?"

மூன்று மணி நேரமாக அவளை நான்தான் வைத்திருந்தேன். என் இரண்டு கைகளும் அவள் முதுகில் இருந்தன. எனக்குச் சூடு தெரியவில்லை. மருத்துவமனையில் ஊசி போட்டு, ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டு, சாயங்காலம்தான் காய்ச்சல் இறங்கியது. அத்தை அவளை அங்கிருந்து நேராகத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போது அனுப்புகிறேன் என்கிறார். வீட்டைக் கூட்டி வைத்திருந்தேன். கட்டிலின் ஓரத்தில் பலகை அடித்தேன், விழாமல் இருக்க. நேற்று அவளுக்கு ஒரு ஜோடி மஞ்சள் செருப்பு வாங்கினேன். அது கருவிப் பெட்டியின் மேல்தட்டில், இன்சுலேஷன் டேப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

மீன்கடை அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"வாங்க தம்பி. நாலு மணிக்கு லாரி வருது. அதுக்குள்ள ஐஸ் வேணும். இல்லைன்னா மீனோட மீனா நானும் நாற வேண்டியதுதான்."

மிஷின் பின்கட்டில், சுவரை ஒட்டி இருந்தது. தூள் ஐஸ் போடும் வகை. மேலே ஐஸ் செய்யும் உருளை, கீழே ஐஸ் விழும் தொட்டி, பின்பக்கம் கம்ப்ரசரும் மின்விசிறியும். தொட்டி காலியாக இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர்.

"எப்போலேர்ந்து ஓடலை?"

"ஒரு வாரமாவே மத்தியானம் ஆனா நின்னுக்கும். அப்புறம் சாயங்காலம் தானா ஓடும். இன்னைக்குத்தான் விடியற்காலையிலயே மல்லாந்துடுச்சு. நானும் இருபது தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். ம்ம்ம்னு உறுமுது, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரரும் காலையில எழுப்புனா இப்படித்தான், உறுமிட்டுத் திரும்பிப் படுத்துக்குவார்."

நான் சிரித்திருக்க வேண்டும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மீனுக்குத் திரும்பிப் போனார்.

அவர் சொன்னது எல்லாம் என் காதில் விழுந்தது. மத்தியானம் நின்றுவிடும், சாயங்காலம் தானாக ஓடும், இருபது தடவை ஆன் செய்தார். ஒரு மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வாக்குமூலம் இதைவிட வேறில்லை. கேட்டேன், தலையாட்டினேன், பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

சுவிட்சைப் போட்டேன். மின்விசிறி சுற்றியது. கம்ப்ரசர் சத்தமே போடவில்லை. கரண்ட் கம்ப்ரசர்வரை வருகிறது, மீட்டர் காட்டியது. ரிலே சரி. கெப்பாசிட்டர் சரி. மிச்சம் கம்ப்ரசர்தான். சுவிட்சை அணைத்தேன். ஒயர் மூடியை எடுக்கும்போது குனிந்து நிற்கப் பிடிமானம் வேண்டியிருந்தது. இடது கையைக் கம்ப்ரசரின் தலையில் ஊன்றிக்கொண்டேன்.

"தம்பி! கை!"

அக்கா எனக்குப் பின்னாலிருந்து கத்தினார். நான் கையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து, கட்டைவிரலுக்குக் கீழே தோல் வெளுத்திருந்தது.

"பக்கத்துல நிக்கிற எனக்கே அனல் அடிக்குது. நீங்க அடுப்பு மேல கை வச்ச மாதிரி வச்சிட்டு நிக்கிறீங்க."

நேற்றைய ஐஸ் ஒரு கைப்பிடி மீன் பெட்டியில் மிச்சம் இருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். மீன் வாடை அடித்தது.

"ஐஸ் மிஷின்காரருக்கு நான் ஐஸ் குடுக்குறேன். ஊர்ல சொல்லிடாதீங்க, என் மானம் போயிடும்."

"தேங்க்ஸ் அக்கா."

பையைக் கையில் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

கம்ப்ரசரில் மூன்று முனைகள் உண்டு. காமன், ரன்னிங், ஸ்டார்ட்டிங். இரண்டிரண்டு முனைகளுக்கு இடையே மீட்டர் வைத்தால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறதா என்று தெரியும். மூன்றையும் அளந்தேன். பாக்கெட் நோட்டில் எழுதினேன். எப்போதும் எழுதுவேன். கல்லூரிப் பழக்கம்.

காமன்–ரன்னிங்: இணைப்பு இல்லை.
காமன்–ஸ்டார்ட்டிங்: இல்லை.
ரன்னிங்–ஸ்டார்ட்டிங்: 6.8.

மச்சானுக்குப் போன் செய்தேன்.

"கம்ப்ரசர் போச்சு."

"நல்லா பார்த்தியா?"

"பார்த்தேன்."

"மூணையும் அளந்தியா?"

"அளந்தேன்."

"சரி. பார்ட்ஸ் கடையில சொல்றேன், அவன் டெலிவரி வண்டியில அனுப்பிடுவான். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஒரு டீ குடிச்சிட்டு ஆற அமர உட்காரு."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று ஐந்து மாதமாகத் தெரியும். கேஸை சிலிண்டரில் உறிஞ்சி எடுத்தேன். குழாய்களை அறுத்தேன். அடியில் நான்கு போல்ட். மூன்று வந்துவிட்டது, நான்காவது துருப்பிடித்திருந்தது, அதோடு இருபது நிமிடம் போராடினேன். பத்து மணிக்குக் கம்ப்ரசர் வெளியே வந்துவிட்டது. துணி சுற்றித் தூக்கி, பின்வாசல் ஓரம் ஓர் அட்டையின் மேல் வைத்தேன். குழாய் வாய்களை டேப் ஒட்டி மூடினேன். பழைய கம்ப்ரசருக்கு அது தேவையே இல்லை, அது கழிவுக்குப் போவது. ஆனாலும் மூடினேன்.

அக்கா டீ கொண்டுவந்தார்.

"கல்யாணம் ஆச்சா தம்பி?"

"ஆச்சு."

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. நாளைக்கு வர்றா."

"அட, அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்களா ரெண்டு பேரும்?"

"பாப்பா மட்டும்."

"அப்போ அம்மாக்காரி வேலைக்குப் போறாங்களா?"

"இல்லை."

நான் பொய் சொல்லவில்லை. அவர் மேற்கொண்டு கேட்கும் முன்பு புதுக் கம்ப்ரசர் வந்துவிட்டது.

வேலை சுத்தமாக வந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். குழாய்களுக்குள் நைட்ரஜன் விட்டுக்கொண்டே பற்றவைத்தேன், உள்ளே கரி படியாமல். மூன்று இணைப்பிலும் பற்று ஒழுங்காக உருகி ஓடி மூடியது. ஃபில்டர் புதிது போட்டேன். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தேன். ஒரு மணி நேரம் வாக்குவம் போட்டேன். கேஸைத் தராசில் எடை பார்த்து ஏற்றினேன். என் கைகள் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தன. யாராவது பார்த்திருந்தால் நல்ல மெக்கானிக் என்று சொல்லியிருப்பார்கள்.

இரண்டு மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். கம்ப்ரசர் உடனே பிடித்தது. பத்து நிமிடத்தில் உருளை வெளுத்தது. பிறகு முதல் ஐஸ், காகிதத்தைக் கிழித்துப் போட்டதுபோல், தொட்டியில் விழுந்தது.

"ஆஹா!" என்றார் அக்கா. "கை ராசிக்காரர் தம்பி நீங்க. அந்தக் கைக்குத்தான் சூடும் வச்சுக்கிட்டீங்க."

மச்சானுக்குப் போன் செய்தேன். "ஓடுது."

"ஓடுதா? இன்ஜினியர் சார்! இருங்க, அப்படியே இருங்க. அம்மாகிட்ட சொல்லிட்டு வர்றேன்."

இரண்டு நிமிடத்தில் அத்தையே கூப்பிட்டார்.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிடுறேன் அத்தை."

"பாப்பா துணியெல்லாம் எடுத்து வைக்கிறேன். பால் சூடு பார்த்துக் குடுக்கணும், தெரியுமில்ல? முதல்ல உன் கையில ஒரு சொட்டு விட்டுப் பார்த்துட்டு..."

"தெரியும் அத்தை."

கருவிகளைத் துடைத்து அடுக்கினேன். செருப்பை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். வேலை செய்யும் மிஷினைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். தொட்டி கால்வாசி நிறைந்திருந்தது.

இரண்டே முக்காலுக்குச் சத்தம் மாறியது. கம்ப்ரசரின் குரல் கனத்தது. பாரம் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுபவனின் மூச்சுபோல. நான் பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள் டக் என்று நின்றது.

மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் வருகிறது, ஆனால் சுற்றவில்லை. ஸ்குரூ டிரைவரால் இறக்கையைத் தள்ளினேன். கால் சுற்று நகர்ந்து நின்றது. அதன் மோட்டாரில் பேரிங் தேய்ந்து இறுகியிருந்தது. ஆறியிருக்கும்போது சுற்றும். அரைமணி ஓடிச் சூடேறினால் பிடித்துக்கொள்ளும். காற்று இல்லாவிட்டால் கம்ப்ரசர் கொதிக்கும். கொதித்தால் அதன் உள்ளே இருக்கும் சின்னப் பாதுகாப்பு சுவிட்ச் இணைப்பைத் துண்டித்துவிடும், எரிந்துபோகாமல் இருக்க. விசிறி மோட்டார் சின்னது, கால் மணியில் ஆறிவிடும். கம்ப்ரசர் கனத்த இரும்பு. அது ஆற இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை யார் மீட்டர் வைத்தாலும் செத்துப்போனது மாதிரித்தான் காட்டும்.

காலையில் நான் வந்தபோது விசிறி ஆறியிருந்தது. கம்ப்ரசர் ஆறவில்லை.

பின்வாசலுக்குப் போனேன். பழைய கம்ப்ரசர் அட்டையின் மேல் இருந்தது. மீட்டரை எடுத்து வைத்தேன்.

காமன்–ரன்னிங்: 1.9.
காமன்–ஸ்டார்ட்டிங்: 4.9.

மூன்றாவதை அளக்கத் தேவையில்லை. நோட்டைத் திறந்தேன். 6.8. இரண்டையும் கூட்டினால் வருவது. காலையிலேயே அது அங்கே இருந்தது, என் கையெழுத்தில், அழகாக, அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். சுருள் அறுந்திருந்தால் அந்த எண் வந்திருக்காது. பாதுகாப்பு சுவிட்ச் மட்டும் திறந்திருக்கிறது, ஆறும்வரை பொறு என்பதற்கு அதுதான் அடையாளம். இதைக் கடந்த வருடம் மச்சானுக்கு நான்தான் விளக்கினேன். சிகரெட் அட்டையில் படம் போட்டுக் காட்டினேன். "படிச்சவன் படிச்சவன்தான்யா" என்றார்.

நல்ல கம்ப்ரசர். அறுத்து எடுத்து வைத்திருந்தேன்.

"தம்பி, ஐஸ் விழலையே?" அக்கா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி? ஏன் தரையில உட்கார்ந்துட்டீங்க?"

"விசிறி மோட்டார் அக்கா. மாத்தணும்."

"காலையில கம்ப்ரசர்னீங்க?"

"ஆமா."

மச்சான் சரியாக மூன்று மணிக்கு வந்தார். வரும்போதே கையில் இனிப்புப் பொட்டலம். என்னைப் பார்த்ததும் அதைத் தராசுப் பக்கத்தில் வைத்துவிட்டு நேராக மிஷினிடம் போனார். விசிறியை விரலால் தள்ளினார். புதுக் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனார், தொடவில்லை, அனலைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு பின்வாசலுக்கு வந்தார். கம்ப்ரசரைப் பார்த்தார். நான் மீட்டரையும் நோட்டையும் நீட்டினேன்.

நோட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நீயே எழுதியிருக்க."

"ஆமா."

"எழுதிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணியா?"

"ஆமா."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேனிலிருந்து ஒரு விசிறி மோட்டார் எடுத்து வந்தார். இருவரும் சேர்ந்து மாற்றினோம். அவர் பிடித்தார், நான் முடுக்கினேன். பிறகு அவர் அக்காவிடம் ஒரு பழைய துணியும் வாளித் தண்ணீரும் வாங்கிக்கொண்டார். ஒயர் பக்கம் தண்ணீர் போகாமல் பிளாஸ்டிக் கட்டிவிட்டு, துணியை நனைத்துப் பிழிந்து கம்ப்ரசரின் மேல் போட்டார். ஆவி வந்தது. சூடேறியதும் எடுத்து, மறுபடி நனைத்து, மறுபடி போட்டார். சீக்கிரம் ஆற வைக்க எல்லோரும் செய்வதுதான். நான் அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

நாலே காலுக்கு லாரி வந்தது. நாலரைக்கு மிஷின் ஓடியது. அக்கா லாரிக்காரரைக் காக்க வைத்து வம்பளந்துகொண்டிருந்தார். "இதோ விழுது பாரு. நீ லேட்டா வந்ததுக்கு என்னைக்காவது நான் கேட்டிருக்கேனா?" ஐஸ் விழுந்துகொண்டே இருந்தது. விசிறி நிற்கவில்லை. ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மச்சான் மெதுவாகச் சொன்னார். "அம்மாகிட்ட இதையெல்லாம் சொல்ல வேண்டாம். கம்ப்ரசர் மாத்தினோம், மிஷின் ஓடுது. அவ்வளவுதான். அந்தப் பழசை அடுத்த மிஷினுக்குப் போட்டுக்கலாம். வீணாப் போகலை."

"மச்சான்."

"நாளைக்குப் பத்து மணிக்குக் கொண்டுவந்து விடுறேன்."

நான் இடது கையைத் திறந்து காட்டினேன். கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது. அவர் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"பற்றவைக்கும்போதா?"

"காலையில. கழட்டுறதுக்கு முன்னாடி. அது மேல கை வச்சிருந்தேன். கடைக்கார அக்கா கத்துனதுக்கு அப்புறம்தான் எடுத்தேன்."

"சூடு தெரியலையா?"

"தெரியலை."

அவர் கையை விடவில்லை. அன்று மருத்துவமனைக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். அவருக்கு நான் எதையும் நினைவூட்ட வேண்டியதில்லை.

"எழுதினேன், புரியலை. தொட்டேன், தெரியலை," என்றேன். "பாப்பா அங்கேயே இருக்கட்டும்."

"பைத்தியக்காரத்தனமா பேசாத. நான்தான் இருக்கேனே, தினமும் வந்து பார்த்துக்கறேன்."

"எத்தனை மணிக்கு வருவீங்க?"

அவர் என் கையை விட்டார்.

"அவ பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கழட்ட மாட்டேங்கிறாளாம்," என்றார் கடைசியில். "மத்தியானத்துலேர்ந்து. அம்மா சொன்னாங்க. அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"தெரியலை மச்சான்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலை."

அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று அக்கா நினைத்திருப்பார். போகும்போது அக்கா, "தம்பி, பொண்ணுக்கு," என்று என் கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்தார். வாங்கிக்கொண்டேன். மச்சான் கொண்டுவந்த இனிப்புப் பொட்டலம் பிரிக்காமல் தராசுப் பக்கத்திலேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

வேனில் ஏறியதும் பெட்டியைத் திறந்து செருப்பை எடுத்து அவரிடம் கொடுத்தேன். சாக்லேட்டையும்.

"அளவு பார்த்து வாங்கினியா?"

"இல்லை. கடைக்காரர் மூணு வயசுக்கு இதுன்னு சொன்னார்."

அவர் செருப்பைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பத்தாது என்று எனக்குப் புரிந்தது. டேஷ்போர்டில் வைத்தார்.

பழைய கம்ப்ரசர் என் கால்களுக்கு நடுவில் இருந்தது. வளைவுகளில் உருளாமல் இருக்க இரண்டு முழங்கால்களாலும் பிடித்துக்கொண்டேன். குழாய் வாயில் டேப் இன்னும் ஒட்டியிருந்தது. வலது கையை அதன் தலையில் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"ஆறிடுச்சா மச்சான்?"

சிக்னலில் நின்றபோது அவர் எட்டித் தொட்டுப் பார்த்தார்.

"ஆறி எவ்வளவோ நேரமாச்சு," என்றார். கையை எடுத்துக் கியரைப் போட்டார்.